பெயரை மீட்ட மாலிக் அல் ஷபாஸ்

1964 டிசம்பர் 3ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் விவாத மன்றத்தில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படச்சுருள் இன்றும் காணக் கிடைக்கிறது. விழா உடையணிந்த இளைஞர் சூழ, மூக்குக்கண்ணாடி அணிந்த நெடிய கறுப்பர் ஒருவர், காங்கோவில் குண்டு வீசியோரின் செயலைச் செய்தித்தாள்கள் நியாயப்படுத்தும் விதத்தை எடுத்துரைக்கிறார். உலகம் மால்கம் எக்ஸ் என அறிந்த அல்ஹாஜ் மாலிக் அல் ஷபாஸ் அவரே. அன்றைய மன்றத் தலைவரும் ஜமைக்கா நாட்டு மாணவர்.

1925 மே 19 அன்று அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். வகுப்பில் சிறந்து விளங்கியும், கறுப்பருக்கு வழக்கறிஞர் கனவு பொருந்தாது என ஆசிரியரே தடுத்தார். படிப்பு நின்றது; பாதை பிறழ்ந்தது; 1946இல் சிறை. சிறை நூலகமே அவருக்குக் கல்லூரியாயிற்று. லிட்டில் என்னும் குடும்பப் பெயரை, அடிமைகொண்ட எசமானர் இட்டதெனத் துறந்து, பறிபோன பெயரின் அடையாளமாக எக்ஸ் என்ற எழுத்தை ஏற்றார்.

பிறர் ஒட்டும் பெயரின் வலியை நம் ஓவேலி மாணவர் நன்கறிவர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தோர் பலர் அத்தேயிலைச் சரிவுகளில் குடியேறினர். அங்கே அவர்கள் கள்ளத்தோணி; இங்கே சிலோன்காரர்.

வெள்ளையர் அனைவரையும் பழித்துவந்த மால்கம், அவ்வாண்டு ஹஜ்ஜில் வெண்ணிற முஸ்லிம்களோடு ஒரே தட்டில் உண்டபின் அக்கருத்தை வெளிப்படையாகக் கைவிட்டார். புகழின் உச்சியில் அதற்குத் துணிவோர் அரியர்.

ஆக்ஸ்ஃபோர்டு வாக்கெடுப்பில் அவர் தரப்பு தோற்றது. அதன்பின் எண்பதாம் நாள், 1965 பிப்ரவரி 21இல், நியூயார்க்கில் மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.