சைக்கிள் சக்கரத்துக்கு வலிமை தந்த தோட்டக்காரர்

சைக்கிள் வாங்கப் போகிறவர்களில் பலர் முதலில் பார்ப்பது வண்டியின் நிறத்தை. அனுபவசாலி முதலில் பார்ப்பது சக்கரத்தை. கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்ப்பார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, கோட்டம் இருக்கிறதா என்று கவனிப்பார்.

அந்தச் சக்கரத்தை நெருங்கிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கம்பிகள் நடுக் குடத்திலிருந்து நேராகக் கிளம்புவதில்லை. சாய்வாகக் கிளம்பி, ஒன்றையொன்று குறுக்கே கடந்து, ரிம்மைப் போய்ப் பிடிக்கின்றன.

சைக்கிளுக்கு இப்படிக் கம்பி கட்டும் முறையை வகுத்தவர் ஜேம்ஸ் ஸ்டார்லி. தோட்ட வேலை செய்து பிழைப்பைத் தொடங்கியவர் அவர்.

தையல் இயந்திரம் காட்டிய வழி

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஆல்போர்ன் என்று ஒரு சிற்றூர். அங்கே 1830-ம் ஆண்டில் ஒரு விவசாயக் குடும்பத்தில் ஸ்டார்லி பிறந்தார். இளம் வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி லண்டன் பக்கம் வந்தார். லூயிஷாம் என்ற இடத்தில், ஜான் பென் என்ற புகழ்பெற்ற பொறியாளரின் தோட்டத்தில் வேலை கிடைத்தது.

கையில் மண்வெட்டி இருந்தாலும், மனம் இயந்திரங்களிலேயே இருந்தது. ஓய்வு நேரத்தில் கடிகாரங்களைப் பழுது பார்ப்பார்.

ஒரு நாள் எஜமானர் வீட்டுத் தையல் இயந்திரம் கெட்டுப் போயிற்று. ஸ்டார்லி அதைச் சரி செய்தார். அதோடு விடாமல், அதன் அமைப்பையே மேம்படுத்திக் காட்டினார். இதைக் கண்ட பென், தையல் இயந்திரத் தொழிலில் இருந்த ஜோசையா டர்னரிடம் அவரைச் சேர்த்து விட்டார். இருவரும் 1861-ம் ஆண்டு வாக்கில் கோவென்ட்ரி நகரம் சென்று, சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கினார்கள்.

கோவென்ட்ரி அப்போது கஷ்ட தசையில் இருந்தது. பட்டு நாடா நெசவுதான் அந்த ஊரின் உயிர்நாடி. 1860-ல் பிரான்சுடன் வணிக ஒப்பந்தம் ஏற்பட்டு, பிரெஞ்சு நாடா தங்கு தடையின்றி வந்து குவிந்தது. தறிகள் நின்றன. நெசவாளர்கள் வேலையின்றித் தவித்தார்கள்.

எலும்புக் குலுக்கி

1868-ல் டர்னரின் உறவினர் ஒருவர் பாரிசிலிருந்து புதுமையான வண்டி ஒன்றைக் கொண்டு வந்தார். மிதி, முன் சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. சக்கரங்கள் மரம், மேலே இரும்புப் பட்டை. நம் மாட்டு வண்டிச் சக்கரத்தின் தம்பி என்று சொல்லலாம்.

கல் பாவிய தெருவில் அது ஓடினால், ஏறியவரின் உடம்பெல்லாம் ஆட்டம் கண்டு விடும். இங்கிலாந்து மக்கள் அதற்கு எலும்புக் குலுக்கி என்றே பெயர் வைத்தார்கள். ஆயினும் அதைச் செய்து பிரான்சுக்கு அனுப்ப ஸ்டார்லியின் தொழிற்சாலை முன்வந்தது. 1870-ல் பிரான்சும் பிரஷ்யாவும் போரில் இறங்கவே, அந்த வியாபாரம் படுத்தது.

உள்நாட்டில் விற்க வேண்டுமானால் நல்ல வண்டி வேண்டும். நல்ல வண்டிக்கு நல்ல சக்கரம் வேண்டும். ஸ்டார்லியின் சிந்தனை முழுவதும் சக்கரத்தில் சென்றது.

தள்ளும் பலம், இழுக்கும் பலம்

மரச் சக்கரத்தில் பாரம் கீழே உள்ள ஆரக்காலை அழுத்துகிறது. அழுத்தத்தைத் தாங்க ஆரக்கால் தடித்திருக்க வேண்டும். தடித்தால் கனக்கும். மெல்லிய கம்பியோ அழுத்தினால் வளைந்துவிடும். ஆனால் இழுத்தால், தன் கனத்தைப் போல் பல மடங்கைத் தாங்கும்.

ஆகவே எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்து முறுக்கேற்றி விட்டால்? பாரம் ஏறும்போது கீழ்க் கம்பிகளின் முறுக்கு சிறிது குறையும், அவ்வளவுதான். முறுக்கு முற்றிலும் போகாத வரையில் சக்கரம் நிற்கும். 1869-லேயே பாரிசில் யூஜீன் மேயர் என்பவர் இத்தகைய கம்பிச் சக்கரம் செய்திருந்தார்.

1870-ல் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் கம்பிச் சக்கரம் பூட்டிய ஏரியல் என்ற வண்டிக்கு உரிமை பெற்றார்கள். குடத்திலிருந்த ஒரு நெம்பு அமைப்பை முறுக்கினால், கம்பிகள் எல்லாம் ஒரே சமயத்தில் இறுகும். இருவரும் லண்டனிலிருந்து கோவென்ட்ரி வரை 96 மைலை ஒரே நாளில் அந்த வண்டியில் கடந்தார்கள் என்று சொல்வார்கள். நாற்பதை எட்டிய ஸ்டார்லி, தாம் செய்த சக்கரத்தைத் தம் உடம்பை வைத்தே சோதித்தார்.

இருந்தும் ஒரு குறை தீரவில்லை. மிதிக்கும்போது குடம் திரும்பும். ரிம் அதைத் தொடர வேண்டும். கம்பிகள் நேராக இருந்தால் குடம் சற்று முந்தும், ரிம் சற்றுப் பிந்தும். மிதிக்கு மிதி கம்பி வளைந்து நிமிரும். நாளடைவில் களைத்து முறியும்.

1874-ல் ஸ்டார்லி விடை கண்டார். கிணற்று ராட்டினத்தில் கயிறு எப்படி விளிம்பைத் தொட்டபடி இறங்குகிறதோ, அப்படியே கம்பியும் குடத்தின் ஓரத்தைத் தொட்டபடி சாய்வாகக் கிளம்ப வேண்டும். பாதிக் கம்பிகள் முன்புறம் சாயட்டும். பாதி பின்புறம் சாயட்டும். மிதிக்கும் பலம் கம்பியை வளைக்காமல், அதன் நீளவாட்டில் இழுக்கும். இழுப்பைத் தாங்குவதுதானே கம்பியின் இயல்பு!

மூன்று சக்கர வண்டி

பிற்பாடு ஸ்டார்லி மூன்று சக்கர வண்டிகளில் இறங்கினார். திருப்பத்தில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் பல்சக்கர அமைப்பை 1877-ல் அவற்றில் பொருத்தினார். பின்னாளில் மோட்டார் வண்டிகளுக்கும் அதே தத்துவம் இன்றியமையாதது ஆயிற்று. விக்டோரியா மகாராணியே அவருடைய மூன்று சக்கர வண்டிகள் இரண்டை வாங்கினார்.

1881 ஜூன் 17-ல் ஸ்டார்லி காலமானார். வயது 51. மூன்றே ஆண்டுகளில் கோவென்ட்ரி மக்கள் அவருக்கு நினைவுத் தூண் எழுப்பினார்கள். நாடா நெசவு நலிந்த அந்த ஊர், அதற்குள் சைக்கிள் தொழிலின் தலைநகராக மாறிக்கொண்டிருந்தது.

நாம் இன்று ஓட்டும் சைக்கிளின் வடிவத்தை அவர் காணவில்லை. ஏறக்குறைய சம அளவுச் சக்கரங்களும், பின் சக்கரத்துக்குச் சங்கிலியும் கொண்ட ரோவர் வண்டியை 1885-ல் வெளியிட்டவர் அவருடைய அண்ணன் தம்பி வழி மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி.

வாங்குவோர் கவனிக்க

தொலைதூரம் ஓட்டுகிறவர்களும், சுமை ஏற்றுகிறவர்களும் ஸ்டார்லியின் பாடத்தை இன்றும் மறப்பதில்லை. 32 அல்லது 36 கம்பிகள், ஒவ்வொன்றும் மூன்று கம்பிகளைக் கடந்து செல்லும் கட்டு. இதுவே அவர்கள் நம்பும் சக்கரம். 20 கம்பிச் சக்கரம் இலேசாக ஓடும், பந்தயத்துக்கு நல்லது. ஆனால் நடுவழியில் ஒரு கம்பி முறிந்தால், ரிம் பெரிதும் கோணி பிரேக்கில் உரசும். 36 கம்பியில் ஒன்று போனால், மற்றவை தாங்கி வீடு கொண்டு வந்து சேர்க்கும்.

கம்பியின் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரே பக்கத்துக் கம்பிகளைச் சுண்டினால் ஏறக்குறைய ஒரே ஓசை வரவேண்டும். ஒன்று சொத்தென்று ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதன் பங்கைப் பக்கத்துக் கம்பிகள் சுமக்கும். சுமந்து சுமந்து அவையும் முறியும். அந்த நிப்பிளைத் திருகிச் சமன் செய்யத் தெரிந்த கைதான், சக்கரத்துக்கு ஆயுள் கொடுக்கும் கை.