தொப்பி ஊசியும் அடைபட்ட குழாயும்: பெர்த்தா பென்ஸ் ஓட்டிய 106 கிலோமீற்றர்

கராஜில் நான் படித்த முதல் பாடம், ஓடிக்கொண்டிருந்த வாகனம் நின்றுவிட்டால் உடனே ஸ்பானரைத் தூக்கக்கூடாது என்பதுதான். முதலில் எண்ணெய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். காபரேற்றருக்கு வரும் ரியூப்பைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் பிடித்தால் பாதி விடை கிடைத்துவிடும். தாராளமாக வந்தால் பிழை காபரேற்றருக்குள். சொட்டுச் சொட்டாக வந்தால் பிழை ரியூப்பில் அல்லது தாங்கியில். தாங்கி மூடியைத் திறந்ததும் வேகமாக வரத் தொடங்கினால் குழாயில் ஒரு பிழையும் இல்லை. மூடியிலுள்ள காற்றுத் துவாரம்தான் அடைபட்டிருக்கிறது.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பெற்றோல் மருந்துபோல ஆகிவிட்ட காலம் அது. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூட்டில்தான் ஆவியாகும். எல்லாச் சூட்சுமமும் அதற்குள்தான். எண்ணெயோடு வந்த கஞ்சல் ஜெற்றை அடைத்துவிட்டால் நடுவழியில் இறங்கி ஊதித் துப்புரவாக்க வேண்டும். ஒருநாள் அவசரத்தில் நான் ஒரு ஊசியால் ஜெற்றைக் குத்தப்போய் பெரியப்பாவிடம் நல்ல பேச்சு வாங்கினேன். ஓட்டை ஒரு மயிரளவு பெருத்தாலும் வண்டி எண்ணெயைக் குடித்துத் தீர்த்துவிடும். அப்போது ஒரு துளியின் பெறுமதி என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

ஊசியால் எண்ணெய்க் குழாயைக் குத்தித் துப்புரவாக்கிய ஒரு பெண்ணைப் பற்றிப் பல வருடங்களுக்குப் பிறகு வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. அவர் பெயர் பெர்த்தா பென்ஸ்.

1849ஆம் ஆண்டு மே 3ஆம் திகதி ஜேர்மனியின் ஃபோர்ட்சைம் நகரில், வசதியான ஒரு கட்டட வேலைக்காரரின் மகளாகப் பிறந்தார். பெண்ணாகப் பிறந்ததில் தகப்பனுக்கு இருந்த ஏமாற்றம் குடும்ப வேதாகமத்திலேயே எழுதப்பட்டிருந்ததாகச் சொல்வார்கள். அந்தத் தகப்பன் மகளுக்கென வைத்திருந்த சீதனப் பணம்தான் பின்னர் உலகின் முதல் காருக்கு அத்திவாரமானது. கார்ல் பென்ஸ் என்ற இளம் பொறியியலாளர் பங்காளியொருவருடன் சேர்ந்து தொடங்கிய பட்டறை தள்ளாடியபோது, கலியாணத்துக்கு முன்பே தன் சீதனத்தை எடுத்துக் கொடுத்து அந்தப் பங்காளியை விலக்க உதவினார் பெர்த்தா. 1872இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. அதற்குப் பிறகு, அக்காலச் சட்டப்படி, மனைவியின் சொத்து கணவரின் நிர்வாகத்துக்குள் போய்விடும். 1886 ஜனவரி 29இல் பதிவு செய்யப்பட்ட 37435 இலக்கக் காப்புரிமையில் அவருடைய பெயர் இல்லை.

இடையிலிருந்த வருடங்கள் கடனும் கஷ்டமுமாகப் போயின. 1879ஆம் ஆண்டின் கடைசி இரவில், சாப்பாடு முடிந்த பிறகு புருஷனும் பெண்சாதியும் பட்டறைக்குப் போய், அதுவரை மக்கர் பண்ணிக்கொண்டிருந்த இயந்திரத்தை இன்னொருமுறை சுழற்றிப் பார்த்தார்கள். அது நிற்காமல் ஓடியது.

கார் செய்தாகிவிட்டது, ஆனால் வாங்க ஆளில்லை. கார்ல் கெட்டிக்காரர்தான். என்றாலும் ஒவ்வொரு ஆணியையும் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பவர், சனத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தத் தயங்குபவர். 1888 ஓகஸ்டில் ஒரு விடியற்காலை, கணவருக்குச் சொல்லாமல், 15 வயது இயூகனையும் 13 வயது ரிச்சர்டையும் கூட்டிக்கொண்டு மூன்று சில்லு வண்டியை வெளியே எடுத்தார் பெர்த்தா. மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்சைமுக்கு ஏறத்தாழ 106 கிலோமீற்றர். அதுவரை அந்த வண்டி ஊருக்குள் சிறிய தூரங்களே ஓடியிருந்தது.

இந்த வண்டியின் எண்ணெய் விடயத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும். தனியாகத் தாங்கி கிடையாது. காபரேற்றரே ஒரு பாத்திரம், அதற்குள் நாலரை லீற்றர் அளவு எண்ணெய் பிடிக்கும். நமக்குப் பழக்கமான ஜெற் அதில் இல்லை. எண்ணெயின் மேலால் போகும் காற்று ஆவியை அள்ளிக்கொண்டு இயந்திரத்துக்குள் போகும். இப்படியான அமைப்பில் இலேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும், பாரமான பகுதி அடியில் தங்கும். போகப்போக வண்டி சோர்வது அதனால்தான். நாலரை லீற்றரோடு 106 கிலோமீற்றர் போக முடியாது, எண்ணெய்க் கடை என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை. பெர்த்தாவுக்கு இது தெரிந்தே இருந்தது. அந்த வண்டிக்கு வேண்டியது லிக்ரோயின் என்னும் இலேசான பெற்றோலிய எண்ணெய். உடுப்பில் கறை போக்குவதற்காக அதை மருந்துக்கடைகளில் விற்றார்கள். வீஸ்லொக் என்ற ஊரின் மருந்துக்கடையில் வண்டியை நிறுத்தி அதை வாங்கி ஊற்றினார். அந்த மருந்துக்கடையைத்தான் உலகின் முதல் எரிபொருள் நிலையம் என்கிறார்கள்.

வழியில் எண்ணெய்க் குழாய் அடைபட்டது. தலையிலிருந்த தொப்பி ஊசியைக் கழற்றி அடைப்பை எடுத்தார். இதில் பெரியப்பாகூடப் பிழை பிடிக்க மாட்டார் என்று நினைக்கிறேன், குத்தினது ஜெற்றை அல்ல, குழாயைத்தானே. என்னை யோசிக்க வைப்பது ஊசி அல்ல. நின்றுபோன இயந்திரத்தைப் பார்த்து, பிழை பொறியிலா எண்ணெயிலா என்று பிரித்தறிந்தாரே, அதுதான். அதே பயணத்தில் பொறிக்குப் போகும் கம்பியில் கசிவு ஏற்பட்டபோது காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்பிட்டிருக்கிறார். பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்த வருடங்கள் இல்லாமல் இது வராது.

மற்றப் பிழைகளுக்கு ஊர்க் கைவினைஞர்கள் உதவினார்கள். நீண்டுபோன சங்கிலியை புறூக்சாலில் ஒரு கொல்லர் சரிசெய்தார். தேய்ந்த மரப் பிறேக்குக்கு ஒரு செருப்புத் தைப்பவரைக்கொண்டு தோல் அடிப்பித்தார். பிறேக் லைனிங்கின் தொடக்கம் அதுதான் என்பார்கள். தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டே இருந்ததால் கண்ட இடத்திலெல்லாம் நிரப்ப வேண்டியிருந்தது. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளினார்கள். இருட்டுகிற நேரம் ஃபோர்ட்சைம் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தார்.

சில நாட்களின் பின் அதே வண்டியில் திரும்பினார்கள். வழியில் கண்ட குறைகளெல்லாம் கார்லுக்குச் சொல்லப்பட்டன. ஏற்றத்துக்கென இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது. சனம் பேசத் தொடங்கியது, வியாபாரமும் மெல்ல எழுந்தது.

பிற்காலத்தில் குடும்பம் லாடன்பேர்க் என்ற சிறிய ஊரில் குடியேறியது. 1925இல் கார்ல் தன் வாழ்க்கைக் கதையை எழுதியபோது இந்தப் பயணத்தையும் எழுதினார். பெர்த்தாவின் சாதனை நமக்குத் தெரியவருவது பெரும்பாலும் அந்தக் கணவரின் பேனாவால்தான். 1929இல் கார்ல் காலமானார். பெர்த்தா இன்னும் 15 வருடங்கள் இருந்தார், இரண்டாவது உலகப்போரின் நடுப்பகுதியையும் பார்த்தார். அவர் அந்த விடியற்காலை வண்டியை எடுத்த மன்ஹைம் நகரம் 1943இன் குண்டுவீச்சுக்களில் சிதைந்துபோனது. 1944 மே 3, அவரது 95ஆவது பிறந்தநாளில், கணவர் படித்த கார்ல்ஸ்ரூவ தொழில்நுட்பக் கல்லூரி அவருக்கு மதிப்புறு செனட்டர் என்ற பட்டத்தை வழங்கியது. இரண்டு நாள் கழித்து, போர் முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கையில், லாடன்பேர்க் வீட்டில் அவர் கண்மூடினார்.

அவர் ஓட்டிப் போய்த் திரும்பிய பாதைக்கு 2008இல் அவருடைய பெயரையே வைத்தார்கள். போக வர 194 கிலோமீற்றர். வீஸ்லொக் மருந்துக்கடை அந்தப் பாதையில்தான் இருக்கிறது.