ஏழைகளுக்கு ஒரு நகர் கண்ட செல்வர்

ஜெர்மனியின் தென்பகுதியில் ஆக்ஸ்பர்க் என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. அங்கே துணி வணிகக் குடும்பம் ஒன்றில் 1459-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜேக்கப் ஃபுக்கர். ஆண்மக்களில் இளையவரான அவரை வீட்டார் திருச்சபைப் பணிக்கெனக் குறித்திருந்தனர். ஆனால் அவர் வெனிஸ் நகருக்குச் சென்று வணிகமும் கணக்கும் பயின்றார். டிரோல் நாட்டு வெள்ளியும் ஹங்கேரி நாட்டுச் செம்பும் அவர் கைக்கு வந்தன. மன்னர்கள் அவரிடம் கடன் கேட்டு நின்றனர். 1505-இல் போர்ச்சுக்கல்லிலிருந்து நம் மலையாளக் கரைக்கு மிளகு வாங்க வந்த கப்பல்களிலும் அவர் குடும்பத்தின் முதலீடு இருந்தது.

இச்செல்வத்தைப் பற்றி ஒளிக்காமல் ஒன்று சொல்லிவிட வேண்டும். 1519-இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசராவதற்குச் சுமார் எட்டரை லட்சம் கில்டர் செலவாயிற்று. அதில் ஐந்து லட்சத்துக்கும் மேல் ஃபுக்கர் கொடுத்த பணம். வாக்களிக்கும் இளவரசர்களுக்கே அது போய்ச் சேர்ந்தது. பரிபூரண பலன்களுக்கென ஜெர்மனியில் வசூலான காணிக்கையும் அவருடைய வங்கி வழியாகச் சென்றது. அதனால் திருச்சபைக்கு நேர்ந்த துன்பத்தை வரலாற்று வகுப்பில் படித்திருப்பீர்கள்.

அதே மனிதர்தான் 1516 முதல் ஆக்ஸ்பர்க்கின் ஓரத்தில் நிலம் வாங்கி ஏழைகளுக்கு வீடு கட்டத் தொடங்கினார். தம் பெயராலும், இறந்துபோன அண்ணன்மார் இருவர் பெயராலும் 1521-இல் சாசனம் எழுதி, பத்தாயிரம் கில்டர் முதலும் வைத்தார். பேரரசருக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே. 1523-க்குள் 52 வீடுகள் எழுந்தன. அக்குடியிருப்புக்கு ‘ஃபுக்கரை’ என்று பெயர்.

தாமஸ் கிரெப்ஸ் என்ற கட்டடக்கலைஞர் அமைத்த அந்தத் தெருக்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நேரான சந்துகள்; இருபுறமும் ஒரே உயரத்தில் மாடி வீடுகள். கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். ஆனால் இரண்டுக்கும் தெருவிலிருந்தே தனித்தனி வாசல்! மாடிக்குச் செல்பவர் கீழ்வீட்டாரின் கூடத்தை மிதிக்க வேண்டியதில்லை. கீழ்வீட்டாருக்குச் சிறு தோட்டம், மேல்வீட்டாருக்குப் பரண். ஏழைகளைப் பெருங்கூடங்களில் வரிசையாகப் படுக்கவைத்துப் பராமரித்த அக்காலத்தில், ஒரு குடும்பம் தானே சாத்திக்கொள்ளத் தனிக்கதவு கிடைப்பது எளிய காரியமல்ல. தெருவிளக்கு இல்லாத இரவில் தம் வாசலைத் தடவிக் கண்டுபிடிக்க, மணி இழுக்கும் கைப்பிடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவில் இருந்தன.

ஆண்டு வாடகை ஒரு ரைன் கில்டர். அன்றைய கூலியாள் சில வாரங்களில் ஈட்டக்கூடிய தொகை அது. வாடகையோடு, நிறுவியவர் குடும்பத்துக்காக நாள்தோறும் பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், விசுவாச மந்திரம் சொல்ல வேண்டும். தம் குற்றமின்றி வறுமையுற்ற நற்பெயருள்ள கத்தோலிக்கத் தொழிலாளருக்கே அங்கு இடம், பிச்சையெடுப்போருக்கு இல்லை. அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

பிள்ளைப்பேறில்லாத ஃபுக்கர் 1525 டிசம்பர் 30 அன்று காலமானார். தொழிலையும் அறக்கட்டளையையும் அண்ணன் மகன் அன்டன் ஏற்றார். 1582-இல் குடியிருப்புக்குள்ளேயே புனித மாற்கு ஆலயம் உருவாயிற்று. பின்னாளில் அங்கே குடியிருந்தவர்களுள் ஒரு கொத்தனார், இசைமேதை மொசார்ட்டின் கொள்ளுத்தாத்தா ஆவார்.

1944 பிப்ரவரியில் விழுந்த குண்டுகளில் குடியிருப்பின் பெரும்பகுதி அழிந்தது. நிலவறையில் பதுங்கியிருந்தோர் உயிர் பிழைத்தனர். போர் ஓயும் முன்பே, மீண்டும் கட்டுவதென்று ஃபுக்கர் வழியினர் முடிவு செய்தனர். இன்று சுமார் 140 வீடுகள் உள்ளன. காடுகளின் வருமானமும் பார்வையாளர் கட்டணமும் அவற்றைக் காக்கின்றன. ஆண்டு வாடகை இன்றும் அதே ஒரு கில்டர்தான். இன்றைய கணக்கில் 88 சென்ட், ஒரு யூரோகூட ஆகவில்லை. மூன்று செபங்களும் நிற்கவில்லை. இரவு பத்து மணிக்கு வாயிற்கதவுகள் மூடப்படும். அதன்பின் வருவோர் காவலருக்குச் சில்லறை கொடுத்துவிட்டே உள்ளே போக வேண்டும்.