அழைப்பு தவறியதால் பிறந்த எக்ஸ்சேஞ்ச்

சென்ற ஆண்டு இன்பிளான்ட் ட்ரெய்னிங்கில் நான் அடித்த கூத்தைச் சொல்லாமல் ஆல்மன் ஸ்ட்ரௌஜரைப் பற்றி என்னால் எழுத முடியாது.

ஓர் அலுவலகத்தில் இ.பி.ஏ.பி.எக்ஸ். ப்ரோகிராமிங் பழகிக்கொண்டிருந்தேன். இரவில் வரும் வெளி அழைப்புகள் வாசல் காவலர் அறையில் அடிக்கும்படி வைத்திருந்தார்கள். நான் பாட்டுக்கு ஒரு எக்ஸ்டென்ஷனை மட்டும் மாற்றுவதாக நினைத்து, சிஸ்டம் முழுமைக்குமான செட்டிங்கில் கைவைத்துவிட்டேன். அன்று இரவு வந்த அழைப்பெல்லாம் பூட்டிய ஸ்டோர் ரூமில் போய் அடித்தது. காவலர் அண்ணனின் மகளை அன்றுதான் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். அவர் செல்போனில் சார்ஜ் இல்லை. வீட்டார் அலுவலக எண்ணுக்கே விடிய விடியப் போட்டிருக்கிறார்கள். தாயும் சேயும் நலம். அண்ணன் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

போகவேண்டிய இடத்துக்கு அழைப்பு போகாத வயிற்றெரிச்சலில்தான் தானியங்கி எக்ஸ்சேஞ்சே பிறந்தது என்பார்கள். ஸ்ட்ரௌஜர் 1839-ல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் பென்ஃபீல்டில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் குதிரைப்படை வீரர், பிறகு பள்ளி ஆசிரியர், கடைசியில் கான்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்கு ஏற்பாடு செய்யும் தொழில். அப்போது எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் கையால் இணைத்தால்தான் பேச முடியும். போட்டித் தொழில்காரரின் உறவுக்காரப் பெண்ணே ஆபரேட்டராக இருந்து, இவரைத் தேடி வந்த அழைப்புகளை அங்கே திருப்பிவிட்டாராம். எவ்வளவு நிஜமோ, கதை இப்படித்தான் வழங்குகிறது.

மனிதர் சண்டைக்குப் போகவில்லை; ஆபரேட்டரே வேண்டாம் என்று முடிவு கட்டினார்! காலர் வைக்கும் வட்டப் பெட்டியில் ஊசிகளைக் குத்தி மாதிரி செய்தார் என்கிறார்கள். 1889-ல் விண்ணப்பித்து, 1891 மார்ச் 10-ல் காப்புரிமை பெற்றார். பின்னாளில் அவர் பெயரால் வழங்கிய செலக்டரைப் பாருங்கள்: எண் 4 என்றால் நான்கு மின்துடிப்பு, ஒவ்வொரு துடிப்புக்கும் மின்காந்தம் இழுக்க, கை ஒரு படி ஏறும். அடுத்த எண்ணுக்குப் பக்கவாட்டில் சுழலும். பத்துப் படி, படிக்குப் பத்து முனை, ஆக நூறு இணைப்பு. அடேயப்பா, ஒரு புரொசஸர் கிடையாது!

1892 நவம்பர் 3-ல் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட்டில், சுமார் 75 சந்தாதாரர்களோடு முதல் எக்ஸ்சேஞ்ச் திறந்தது. அப்போது டயல்கூட இல்லை. பட்டனைத்தான் எண்ணி எண்ணி அழுத்தவேண்டும். டயல் 1896-ல் அவர் கம்பெனிப் பொறியாளர்கள் தந்தது.

அதே 1896-ல் தன் காப்புரிமைகளை 1,800 டாலருக்கும், 1898-ல் தன் பங்கை 10,000 டாலருக்கும் விற்றுவிட்டார். 1916-ல் அந்தக் காப்புரிமைகள் 25 லட்சம் டாலருக்குக் கைமாறியபோது அவர் இல்லை. 1902 மே 26-ல் ஃப்ளோரிடாவில் காலமாகிவிட்டார். நம் நாட்டிலும் 1948-ல் தொடங்கிய பெங்களூர் ஐ.டி.ஐ. அவர் முறையில்தான் எக்ஸ்சேஞ்சுகளைச் செய்தது.

அந்த எக்ஸ்சேஞ்சில் ஒரு அழைப்பின் பாதையை மாற்ற ஒயரைப் பிரித்து சால்டர் வைக்கவேண்டும். யோசிக்க நேரம் கிடைக்கும். நான் மாற்றியதோ நாலு பட்டனில்!

ட்ரெய்னிங் முடிந்த அன்று மாலை நைட் மோடு போட்டுவிட்டு, தெருமுனையில் நின்று என் செல்லிலிருந்து அலுவலக எண்ணை அழைத்தேன். காவலர் அண்ணன்தான் எடுத்தார்.