கடற்காவலர் வாக்கர்

போரில் நாடு பிடித்தவர்களை உலகம் விரைவில் அறிந்துகொள்கிறது. பிறர் உயிரை இரவெல்லாம் கண்விழித்துக் காத்தவர்களை அது எளிதில் நினைப்பதில்லை. அவ்வாறு காத்தவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர், பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் பிரடெரிக் ஜான் வாக்கர். அவரது வரலாற்றை இம்மலர் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

வாக்கர் 1896ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள பிளிமத் நகரில் பிறந்தார். 1909இல், இளம் பருவத்திலேயே, கடற்படைப் பயிற்சியில் சேர்ந்தார். முதல் உலகப்போருக்குப் பின் கடற்படையில் உயர விரும்பியோர் பெரும் பீரங்கிக் கப்பல்களையே நாடினர். வாக்கரோ நீர்மூழ்கிக் கப்பல்களை எதிர்க்கும் கலையைத் தேர்ந்துகொண்டார். அக்கலையை அன்று மதித்தோர் சிலரே. ஆகவே பதவி உயர்வு அவரைத் தாண்டிச் சென்றது. 1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, உரிய காலத்திற்கு முன்பே ஓய்வு பெற வேண்டியவர்களின் வரிசையில் அவர் இருந்தார்.

இங்கிலாந்து கடல்சூழ்ந்த தீவு. உணவும் எண்ணெயும் மூலப்பொருள்களும் கடல்வழியே வந்தாக வேண்டும். வணிகக் கப்பல்கள் பல ஒன்றுசேர்ந்து, காவற் கப்பல்கள் சூழ, அணியாகச் செல்வது அன்றைய முறை. அவ்வணிகளை அழிக்க ஜெர்மானியத் தளபதி டோனிட்ஸ் ஒரு வழி வகுத்தார். நீர்மூழ்கிகள் கடலில் நெடுந்தொலைவு பரவி நிற்கும். ஒன்று கப்பல் அணியைக் கண்டால், உடனே தாக்காது. வானொலி வழியே தலைமையிடத்திற்குச் செய்தி அனுப்பிவிட்டுப் பின்தொடரும். மற்றவை வந்து கூடியபின், இரவில் நீர்மட்டத்தின்மேல் மிதந்தபடியே அணிக்குள் புகுந்து டார்பிடோக்களை ஏவும். நீருக்கடியில் ஒலி செலுத்தி எதிரொலியால் பகைவனை அறியும் 'அஸ்டிக்' கருவி, மேலே மிதக்கும் நீர்மூழ்கியைக் காட்டிக்கொடுக்காது. இக்கூட்டங்களை மக்கள் ஓநாய்க் கூட்டங்கள் என்றே அழைத்தனர்.

1941 அக்டோபரில் வாக்கருக்கு ஒரு காவற்குழு கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் நாள் 32 வணிகக் கப்பல்கள் ஜிப்ரால்ட்டரிலிருந்து புறப்பட்டன. ஓநாய்க் கூட்டம் சூழ்ந்தது. பகைவன் வரும்வரை கப்பல்களை ஒட்டியே நிற்பது வழக்கம். வாக்கர் தேடிச் சென்று தாக்கினார். ஓர் இரவு 'ஸ்டான்லி' என்னும் துணைக்கப்பல் வெடித்து அழிந்தது. அதனை அழித்த நீர்மூழ்கியை அவருடைய 'ஸ்டார்க்' இருளில் சுற்றிச் சுற்றித் துரத்தி, இறுதியில் மோதியே மூழ்கடித்தது. விமானந்தாங்கியான 'ஆடாசிட்டி'யும் பலியாயிற்று. எனினும் அப்போரில் வணிகக் கப்பல்களுள் இழந்தவை இரண்டே. அவர் குழு அழித்த நீர்மூழ்கிகளோ நான்கு. புறக்கணிக்கப்பட்டவர் அடுத்த ஆண்டு காப்டனாக உயர்ந்தார்.

அவர் கண்ட முறையின் நுட்பத்தை நாம் உணர வேண்டும். ஆழ்வெடி வீசும் கப்பல் நீர்மூழ்கியை நெருங்கியதும் 'அஸ்டிக்' அதன் தடத்தை இழந்துவிடும். விரைந்து வரும் கப்பலின் ஓசை கேட்டு நீர்மூழ்கியும் விலகிவிடும். வாக்கர் இரு கப்பல்களை ஏவினார். ஒன்று தொலைவில் நின்று, தடத்தை விடாமல் வழிகாட்டும். மற்றொன்று தன் கருவியை நிறுத்தி, ஓசையடக்கி, மெல்ல ஊர்ந்து சென்று பகைவன் தலைக்கு நேரே வெடிகளை இறக்கும். வேகத்தைவிடப் பொறுமை வலிது என்பதை இது மெய்ப்பித்தது. 1943 ஜூன் முதல் நாள் தொடங்கிய ஒரு வேட்டையில் ஏறத்தாழ 15 மணி நேரம் அவர் காத்திருந்தார். காற்றுத் தீர்ந்த நீர்மூழ்கி நள்ளிரவுக்குப் பின் மேலே வந்தது; அங்கேயே அதன் கதை முடிந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் விதி அவரைக் கொடிதாகச் சோதித்தது. அவருடைய மகன் டிமோதி பணிபுரிந்தது ஒரு நீர்மூழ்கியில்! மத்தியதரைக் கடலுக்குச் சென்ற 'பார்த்தியன்' என்னும் அக்கலம் திரும்பவேயில்லை. நீர்மூழ்கிகளை வேட்டையாடிய தந்தையின் மகன் நீர்மூழ்கியிலேயே மறைந்தான். தந்தை மீண்டும் கடலுக்குச் சென்றார். 1944 ஜனவரி இறுதி முதல் பிப்ரவரி வரை, ஒரே பயணத்தில் அவர் குழு ஆறு நீர்மூழ்கிகளை அழித்தது. கடைசியாக மூழ்கியதன் மாலுமிகள் அனைவரும் உயிருடன் மீட்கப்பெற்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1944 ஜூனில் நார்மண்டிப் படையெடுப்பின்போது அவர் குழு கால்வாயின் வாயிலைக் காத்தது. ஓய்வறியாத உடல் தளர்ந்தது. ஜூலை 9ஆம் நாள், 48ஆம் வயதில், மூளையில் இரத்தம் உறைந்து அவர் காலமானார். லிவர்பூல் பேராலயத்தில் வழிபாடு நிகழ்ந்தபின் உடல் கடலுக்கே அளிக்கப்பட்டது. அவருடைய கப்பல்கள் அன்றும் கடற்காவலில் இருந்தமையால், அவரோடு உழைத்தவர்கள் இறுதி வணக்கம் செலுத்த வர இயலவில்லை. இதனினும் பொருத்தமான வணக்கம் வேறு யாது?

அட்லாண்டிக் போரை ஒருவரே வென்றார் என்பது மிகை. ராடாரும், நெடுந்தொலைவு விமானங்களும், மறைமொழியைப் படித்த அறிஞர்களும் அவ்வெற்றியில் பங்குடையோர். பகைவர்தம் இழப்பும் சிறிதன்று. ஜெர்மானிய நீர்மூழ்கி வீரர் நால்வருள் மூவர் கரை திரும்பவில்லை.

ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஒருவரை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று சிலர் வினவலாம். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் அடித்தட்டில், கொதிக்கும் கொதிகலன்களுக்கு முன் நின்று கரி தள்ளியவர்களுள் நம் நாட்டவர் ஆயிரக்கணக்கானோர். சில்ஹெட்டிலிருந்தும் சிட்டகாங்கிலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்ற எளியவர்கள். டார்பிடோ பாய்ந்தால் மேலே ஏறித் தப்புதல் அவர்க்கே மிக அரிது. பிழைப்பிற்காக ஊர்விட்டு வந்த நாம் அவர்களை நினையாதிருத்தல் தகுமோ? 1998இல் லிவர்பூல் துறைமுகக் கரையில் வாக்கருக்குச் சிலை எழுந்தது. கப்பலின் அடித்தட்டில் மாண்ட எளியவர்களுக்கு நம் நெஞ்சமேனும் நினைவிடமாகுக!