ஆடுகளமும் ஆய்வுக்களமும் கண்ட சுஜித் முகர்ஜி

மட்டைப்பந்து ஆட்டத்திற்கும் கவிதை மொழிபெயர்ப்பிற்கும் என்ன உறவு என்று நம் வட்டத்து அன்பர்கள் வியக்கக்கூடும். அவ்விரண்டையும் ஒருசேரப் போற்றி வாழ்ந்த அறிஞர் சுஜித் முகர்ஜி.

1930இல் பிறந்த அவர் பாட்னாவில் வளர்ந்து பயின்றார். இளமையில் மட்டைப்பந்தே அவர் உள்ளத்தை ஆட்கொண்டிருந்தது. 1950களில் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளில் பீகார் அணிக்காக ஆடினார். அத்தகைய ஆட்டங்கள் மிகச் சிலவே. இந்திய அணியில் ஆடும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அதனை அவர் மறைத்ததும் இல்லை. 1996இல் வெளிவந்த தம் நூலுக்கு, அறியப்படாத ஆட்டக்காரர் ஒருவரின் தன்வரலாறு என்று பொருள்படவே பெயர் சூட்டினார்.

ஆடுகளம் விட்டுப் போனாலும் ஆய்வுக்களம் அவரை வரவேற்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். தாகூரை 1912 முதல் 1941 வரை அமெரிக்கர் எவ்வாறு ஏற்றனர், பின்னர் எவ்வாறு மறந்தனர் என்பதை விரித்துரைக்கும் அவரது நூல் 1964இல் வெளிவந்தது. ஆங்கிலப் பேராசிரியராய் விளங்கிய அவர், பின்னாளில் ஓரியண்ட் லாங்மன் பதிப்பகத்தில் பொறுப்பேற்றார். புகழ்பெற்ற திறனாய்வாளர் மீனாட்சி முகர்ஜி அவர்தம் வாழ்க்கைத் துணைவியார்.

மொழிபெயர்ப்பு ஒரு கண்டுபிடிப்பு என்னும் கருத்தில் அமைந்த அவரது நூல் 1981இல் வந்தது. அதில், தாகூர் தம் பாடல்களைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்ததைப் பொய்ச்சான்றுக்கு ஒப்பிட்டார். அயலவர் சுவைக்கேற்ப மூலத்தின் உருவையும் ஓசையையும் கவிஞரே விட்டுக்கொடுத்தார் என்பது அவர்தம் வழக்கு. தாகூரின் மீது பேரன்பு கொண்டவரே இவ்வாறு எழுதத் துணிந்தார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தம் கவிதையை மாற்றும் உரிமை கவிஞர்க்கு இல்லையா என்று வகுப்பறையில் மாணவர் வினவியதுண்டு. உரிமை உண்டு, ஆனால் மாற்றியதை மூலமென்று காட்டும்போதுதான் வழக்கு எழுகிறது என்பதே என் விடை. குறை கூறியதோடு முகர்ஜி அமையவில்லை. தாகூரின் கோரா புதினத்தை, எதனையும் குறைக்காமல் ஆங்கிலத்தில் தாமே பெயர்த்தார். அது 1997இல் வெளிவந்தது. பிறர் மீது வைத்த அளவுகோலைத் தம் மீதும் வைத்துக்கொண்ட நேர்மை அது. 2003இல் அவர் மறைந்தார்.

பத்தாண்டு நிறைவு காணும் குடிகாட்டு வட்டத்தில், தம் கவிதைகள் ஆங்கிலத்தில் ஒலிக்க வேண்டும் என விழைவோர் பலர் உளர். நல்ல விழைவே. ஆயினும் நம் மண்ணின் சொல்லொன்று அயலார்க்கு விளங்காதென அஞ்சி அதனை நீக்க முனையும்போது, பொய்ச்சான்று என்னும் அக்கடுஞ்சொல் நம் கையைச் சற்றே தடுத்து நிறுத்தட்டும்.