துப்பாக்கியை வாங்குவதா, நாமே செய்வதா? திப்பு சுல்தான் போட்ட கணக்கும் ஆரணி கனெக்‌ஷனும்

ஆரணி என்றால் பட்டு. சந்தவாசல், கண்ணமங்கலம் பக்கம் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் 1782இல் சென்னைக் கோட்டையில் இருந்த கிழக்கிந்திய கம்பெனி அதிகாரிகள் ஆரணியைப் பற்றிப் பேசியதற்குக் காரணம் வேறு. தமிழகத்துக்குள் புகுந்திருந்த மைசூர் படையின் முக்கியமான ஆயுதக் கிடங்கு ஆரணிக் கோட்டையில்தான் இருந்தது. அதைப் பிடித்துவிட்டால் ஹைதர் அலியின் கையை ஒடித்த மாதிரி என்று கணக்குப் போட்டு ஜெனரல் அயர் கூட் கிளம்பி வந்தார். ஜூன் 2ஆம் தேதி ஊருக்குப் பக்கத்திலேயே சண்டை. ஹைதர் தன் மூத்த மகனைக் கோட்டைக்கு அனுப்பிவைத்தார். சண்டையில் கூட்டின் கை ஓங்கியிருந்தாலும் கிடங்கு அவருக்குக் கிடைக்கவில்லை.

கிடங்கைக் காக்க வந்த அந்த மகன்தான் திப்பு சுல்தான். அவருடைய பெயரே இந்தப் பக்கத்துப் பெயர். ஆற்காட்டில் அடக்கமான திப்பு மஸ்தான் அவுலியா என்ற சூஃபி பெரியவரின் நினைவாக வைத்தது. பிறந்தது பெங்களூரு ஏர்போர்ட் இருக்கும் தேவனஹள்ளியில், 1750இல்.

ஒரு துறைமுகம் போனதும் நடந்தது

திப்புவின் கதையைப் போர்களின் பட்டியலாகவே படித்துப் பழகிவிட்டோம். ஆனால் ஆட்சிக்காலம் முழுக்க அவரை விரட்டிய ஒரு கேள்வி உண்டு. சண்டை போடத் துப்பாக்கி வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்து வாங்குவதா, இங்கேயே செய்வதா?

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கேரளக் கரையில் இருக்கும் மாஹேயில் போய் நிற்கும். அது பிரெஞ்சுக்காரர்களின் துறைமுகம். ஹைதருக்கு வேண்டிய ஐரோப்பிய ஆயுதங்கள் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. மாஹே தன் பாதுகாப்பில் இருக்கிறது, கை வைக்க வேண்டாம் என்று ஹைதர் எச்சரித்தும் கம்பெனி கேட்கவில்லை. 1779 மார்ச்சில் பிடித்துவிட்டது. அடுத்த ஆண்டே ஹைதர் பெரும்படையோடு தமிழகத்துக்குள் இறங்கினார். அந்தப் போருக்கு இது ஒன்றே காரணம் இல்லை, ஆனால் பெரிய காரணம்.

அப்போது திப்புவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரே ஒரு துறைமுகம் கைமாறினால் மொத்தப் படைக்கும் சப்ளை நின்றுபோகும் என்பதை நேரில் பார்த்தார். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியபோது அங்கே சண்டையிட்டவர் அவர். வெற்றி இருந்தது, வீரர்கள் இருந்தார்கள். ஆயுதத்துக்கு மட்டும் அடுத்தவன் கப்பலை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

1782 டிசம்பரில் சித்தூர் பக்கத்தில் ஹைதர் இறந்துபோக, திப்பு ஆட்சிக்கு வந்தார்.

ஆளைக் கொடுங்கள்

அவர் வெளிநாட்டுக்கு அனுப்பிய தூதுக்குழுக்கள் என்ன கேட்டன என்பதைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். 1786இல் துருக்கி சுல்தானைப் பார்க்க ஒரு குழு கிளம்பியது. 1787இல் பிரான்ஸுக்கு இன்னொரு குழு. 1788 ஆகஸ்ட் 10ஆம் தேதி வெர்சாய் அரண்மனையில் மன்னர் பதினாறாம் லூயியைச் சந்தித்தது. ராணுவ உதவி கேட்டார்கள், அது வழக்கமானதுதான். கூடவே துப்பாக்கி செய்பவர்கள், பீரங்கி வார்ப்பவர்கள், கடிகாரம் செய்பவர்கள், கண்ணாடி, பீங்கான் வேலை தெரிந்தவர்கள் என்று ஆட்களையும் கேட்டார்கள். அதாவது பொருளோடு சேர்த்து, பொருளைச் செய்யத் தெரிந்த கையையும். பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய வருடம் அது, லூயியிடம் பணமும் இல்லை. படை தர மறுத்துவிட்டு, கைவினைஞர்கள் சிலரை மட்டும் அனுப்பிவைத்தார்.

கடிகாரக்காரர் எதற்கு என்று தோன்றலாம். அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கியில் மூன்று பெரிய பகுதிகள்: குழல், மரக்கட்டை, பூட்டு. குழலை இரும்பு அடிக்கத் தெரிந்த நல்ல கொல்லர் செய்துவிடுவார். மரக்கட்டைக்குத் தச்சர் போதும். சிக்கல் பூட்டில்தான். விசையை இழுத்ததும் சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசி, பொறி பறந்து, மருந்து பற்ற வேண்டும். அதற்குள் இருக்கும் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளும் கொக்கிகளும் கிட்டத்தட்ட கடிகார வேலை. எஃகைப் பதப்படுத்துவதில் கொஞ்சம் பிசகினாலும் ஸ்பிரிங் ஒடிந்துவிடும், அல்லது விறைப்பு போய்விடும்.

நல்ல எஃகுக்கு மைசூரில் பஞ்சமில்லை. சன்னபட்டணத்தில் இசைக்கருவிகளுக்கு எஃகுக் கம்பி இழுக்கும் அளவுக்குத் தொழில் வளர்ந்திருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் பிடனூர் போன்ற ஊர்களிலும் பட்டறைகள் ஓடின. 1799இல் கோட்டையைப் பிடித்த பிறகு கம்பெனிக்காரர்கள் எடுத்த கணக்கில், துப்பாக்கி செய்து முடிக்கும் பட்டறைகள் மட்டும் 11. பீரங்கி வார்ப்புக்கூடம் 2. குழல் குடையும் இயந்திரங்கள் வைத்த கட்டடங்கள் 3. பீரங்கிகள் 929. அரசரின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

பொழுதுபோக்கும் இருந்தது, அது தனி. திப்பு வேட்டைப் பிரியர். அவருக்கென்று செய்த துப்பாக்கிகளில் புலி முகமும் புலிக் கோடும் வரும். குழலில் ஹைதரின் பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கும். பிஸ்டல் ஜோடி செய்தால் ஒன்றில் பூட்டு வலப்பக்கம், மற்றதில் இடப்பக்கம். அவரே உருவாக்கிய காலண்டர்படிதான் வருடம் போடுவார்கள், எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கு இன்றும் தலைசுற்றும் விஷயம் இது.

ஜோடி சேராத பாகங்கள்

ஆனால் ஒரு பிரச்சினை மிச்சம். பூட்டின் ஒவ்வொரு பாகத்தையும் கையால் அரம் போட்டு, அந்த ஒரு துப்பாக்கிக்குப் பொருந்தும்படி தேய்த்தார்கள். பத்துத் துப்பாக்கியைப் பிரித்துக் கலந்து போட்டால் மறுபடி சேர்க்க முடியாது. போர்க்களத்தில் ஒரு ஸ்பிரிங் ஒடிந்தால் பக்கத்து ஆளின் உடைந்த துப்பாக்கியிலிருந்து கழற்றி மாட்ட வழியில்லை. மெக்கானிக் வரணும், அரம் வரணும், நேரம் வேணும்.

இது மைசூரின் குறை மட்டும் இல்லை, அன்றைக்கு உலகம் முழுக்க இதே நிலைதான். 1785இல் பாரிஸில் ஹோனோரே பிளாங்க் என்ற துப்பாக்கித் தொழிலாளி, பூட்டுகளைப் பிரித்துப் பாகங்களைக் கலந்துவிட்டு, கைக்கு வந்ததை எடுத்து மாட்டிக் காட்டினார். அங்கே தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் அதைப் பார்த்து அசந்துபோய் அமெரிக்காவுக்கு எழுதினார். அமெரிக்காவில் எலி விட்னி 1798இல் 10,000 மஸ்கட் செய்துதரக் கான்ட்ராக்ட் எடுத்தார். இரண்டு வருடத்தில் முடிப்பதாகச் சொன்னது 1809 வரை இழுத்தது. நவீன இயந்திரங்களைத் தேடிப் போனவருக்கே அந்தக் கதி.

திப்புவிடமும் இயந்திரம் வந்தது. 1800இல் மைசூரைச் சுற்றிப் பார்த்த ஃபிரான்சிஸ் புகானன் ஒரு தகவல் எழுதி வைத்திருக்கிறார். பீரங்கி குடைய ஒரு பிரெஞ்சுக்காரர் தண்ணீரால் ஓடும் இயந்திரம் செய்துகொடுத்தாராம், திப்பு அதை மாடு கட்டி ஓட்டச் சொல்லிவிட்டாராம். அறியாமை என்பது புகானனின் தீர்ப்பு. புகானன் கம்பெனி அனுப்பிய ஆள், தோற்றுப்போன அரசரைப் பாராட்டி எழுத அவருக்கு எந்த அவசியமும் இல்லை. ஆற்றில் தண்ணீர் குறையும் மாதங்களிலும் மாடு ஓடும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, லேத் வைத்திருக்கும் யாராவது ஒரு பாகம் கடைந்து பார்க்கலாமே என்று நினைத்தால்: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற வரையறைக்குள் உதிரிபாகமும் வரும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும் வரும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரை போகலாம்.

கடைசிக் கணக்கு

1792 போரில் திப்பு தோற்றார். பாதி நாடு போனது. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலும் திண்டுக்கல்லும் அதில் அடக்கம். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம். அது கட்டி முடியும்வரை இரண்டு சின்னப் பிள்ளைகள் சென்னையில் பிணைக் கைதிகள். பட்டறைக்குத் தேவையான இரும்பு, கரி, கூலி எல்லாமே வரிப் பணத்தில் ஓடுவது. பாதி வருமானத்தில் அதே பட்டறையை அவர் இன்னும் ஏழு வருடம் ஓட்டினார். யாருடைய முதுகில் ஏற்றி ஓட்டினார் என்பது நியாயமான கேள்வி. குடகு, மலபார், மங்களூர் கிறிஸ்தவர்களின் நினைவில் அவர் வேறு ஒரு திப்பு.

அதே ஆள்தான் வங்காளத்திலிருந்து பட்டுப்புழு வரவழைத்து மைசூரில் வளர்க்கச் சொன்னவர். பட்டுக்கும் அவர் போட்டது துப்பாக்கிக்குப் போட்ட அதே கணக்குதான். ஆரணித் தறிகளுக்கு இன்று கர்நாடகத்திலிருந்து பட்டு நூல் வருவதன் பழைய நுனி அங்கே இருக்கிறது.

1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சண்டையிலேயே இறந்தார். அவருக்கென்று செய்த துப்பாக்கிகள் பல வெற்றிப் பரிசாக பிரிட்டனுக்குப் போயின, சில இன்றும் அங்கே அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இரும்புக் குழாய் வைத்த மைசூர் ராக்கெட்டுகளும் ஊல்விச் ஆயுதச் சாலைக்குப் போய், வில்லியம் காங்கிரீவின் கையில் பிரிட்டிஷ் ராக்கெட்டாகத் திரும்பின. எல்லாம் போய்விடவில்லை. 2018இல் ஷிவமொக்கா மாவட்டம் நகராவில், அதாவது பழைய பிடனூரில், ஒரு பாழுங்கிணற்றைத் தூர்வாரியபோது சேறு படிந்த இரும்பு ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன.